மெயின் ரோட்டிலிருந்து கதவு வரை

வியாழக்கிழமை காலை பத்து நாற்பத்தேழுக்கு என் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. மகளின் மேல்படிப்புக்காக அயர்லாந்துக்கு நான் அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது என்று வங்கி சொன்னது. மறுநாள் மாலைக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். இதைப் படித்ததும் ஒரு தாய்க்கு முதலில் மகளின் முகம்தான் நினைவுக்கு வர வேண்டும். எனக்கு வந்தது வேறொருத்தியின் முகம். ‘நான் ஒரு தடவை பாக்கட்டுமா?’ என்று கேட்டு, நான் வேண்டாம் என்றதும் சிரித்துக்கொண்டே தலையசைத்துப் போன முகம்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் இன்னும் இரண்டு தடவை படிக்கிறேன். அவள் பெயர் நன்றாக நினைவிருக்கிறது. எழுத மனம் வரவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் அவளைச் சொல்ல முடியும். தாராவியில் தோல் பட்டறைகளுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் எழுதுகிறேன். பி.காம். முடித்த கையோடு ஒரு பட்டறையில் ஆரம்பித்தது, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நானே என்று ஆகிவிட்டது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதானாலும் அங்கிருந்து வாங்குவதானாலும், பழைய வங்கிப் படிவத்தில் முகவரிக்கு மூன்று வரிதான். ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்து, இடைவெளியும் சேர்த்து. தாராவி முகவரியோ ஒரு கதை. ஷெட் எண், மாடி ஏணி எந்தப் பக்கம், கீழே கடை வைத்திருப்பவர் யார், மசூதிக்கு எதிரிலா, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னாலா. இத்தனையையும் நூற்றைந்து எழுத்துக்குள் அடக்க அந்தப் பகுதியில் என் ஒருத்தியால்தான் முடியும். சுருக்க வேண்டியதைச் சுருக்கி, விட வேண்டியதை விட்டு, கடைசி வரியில் எப்போதும் அடையாளத்தை வைப்பேன். தாராவியில் ஒருவரைக் கதவு வரை கொண்டுவந்து சேர்ப்பது அந்த அடையாளம்தான். கூரியர்காரர்கள் கடைசி வரியை மட்டும்தான் படிப்பார்கள்.

வங்கியில் என் எழுத்தைப் பார்த்தால் சரிபார்க்க மாட்டார்கள். பட்டறை முதலாளிகளிடம் நான் சொல்வது ஒரே வாக்கியம். “நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.” அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு, நாடு விட்டு நாடு பணம் போகும் முறையையே வங்கிகள் மாற்றின. வரிகள் போய்க் கட்டங்கள் வந்தன. கட்டட எண்ணுக்கு ஒரு கட்டம், தெருவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, பின்கோடுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று. ‘எதிரில்’, ‘பின்னால்’, ‘பக்கத்தில்’ என்பவற்றுக்குக் கட்டமே கிடையாது. சிறிய வியாபாரிகளைப் புது முறைக்கு மாற்றிவிட எங்கள் கிளை ஒப்பந்தத்தில் ஓர் ஆளை எடுத்தது. அந்த வேலையை என்னிடம் கேட்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அவள் வந்தாள்.

செம்பூரிலிருந்து வருவாள். என்னைவிட எட்டுப் பத்து வயது கூட இருக்கும். அவளும் பி.காம்.தான். கஞ்சி போடாத காட்டன் புடவை, முதுகில் பள்ளிக்கூடப் பை. பையில் ஒரு கட்டுப் படிவம், ஒரு தண்ணீர் பாட்டில், பத்துப் பதினைந்து மலிவுப் பேனாக்கள். எல்லாம் நீலம். அவற்றில் ஒன்றைக்கூட அவள் மூடி திறந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் அவளுக்கு வழிகாட்டச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். பெல்ட் செய்யும் பாய் ஒருவரின் பட்டறைக்குப் போக வேண்டும். எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இறங்கியதும் நான் சந்துக்குள் திரும்பினேன். அவள் திரும்பவில்லை. சாலை ஓரத்திலேயே நின்று பாய்க்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“பாய், நான் மெயின் ரோட்டுல நிக்கறேன். உங்க கதவு வரைக்கும் சொல்லிக்கிட்டே வாங்க.”

“மேடம் கூடத்தான இருக்காவ? அவியளுக்குத் தெரியும். கூட்டிட்டு வந்துருவாவ.”

“அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லுங்க.”

“செரி. டப்பா கடை தெரியுதா? அதுக்கு இடது கைப்பக்கம் ஒரு சந்து.”

“சந்துக்குப் பேரு?”

“சந்துக்கு என்னத்த பேரு!” உள்ளே யாரையோ பார்த்துக் கத்தினார். “ஏலே, நம்ம சந்துக்குப் பேரு இருக்கால?” யாரோ பதில் சொன்னார்கள். பாய் போனுக்குத் திரும்பி வந்தார். “முனிசிபாலிட்டி போர்டு ஒண்ணு தொங்குதாம்மா, ஒத்த ஆணியில. நான் இருவது வருசமா நிமிந்து பாத்ததில்ல.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். போர்டு இருந்தது. கைவண்டி ஒன்று அவள் பையை உரசிக்கொண்டு போனது. அவர் சொல்லச் சொல்ல, தவறான ஒரு திருப்பத்தில் திரும்பி, மறுபடி வெளியே வந்து, பாயின் ஏணியடிக்குப் போய்ச் சேர்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். எந்தப் பட்டறையிலும் முதலில் தண்ணீர்தான் கேட்பாள். பாதி குடித்துவிட்டுப் படிவத்தைப் பாயின் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினாள்.

“எனக்கு இங்கிலீசுல கையெழுத்து மட்டுந்தாம்மா வரும்.”

“அதுல எத்தனை எழுத்து இருக்கு?”

பாய் விரல்விட்டுப் பார்த்தார். “எட்டு.”

“அந்த எட்டு உங்களுக்குத் தெரியும். மிச்சம் பதினெட்டையும் நான் சொல்றேன்.”

ஐம்பது நிமிடம் ஆனது. பாய் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக, எறும்பு ஊர்வதுபோல எழுதினார். ஊர் என்ற கட்டத்தில் தாராவி என்று எழுதப் போனவரிடம் அவள் “இது ஊரா, பேட்டையா?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே யோசித்து மும்பை என்று எழுதினார். வெளியே வந்ததும் நான் சொன்னேன், “நான் எழுதியிருந்தா நாலு நிமிஷம்.”

“ஆமா. நீங்க எழுதின பழைய ஃபாரமெல்லாம் பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு” என்றாள்.

யாரோ ஒருவர் வீட்டுப் பழைய நகையைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாக என்னை மேடம் என்று அழைப்பவர்கள், எட்டாவது நாள் அவளை அக்கா என்று அழைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து பாய் என்னைத் தேடி வந்தார். தன் பேரனின் பள்ளிக்கூடப் படிவத்தைத் தானே நிரப்பியதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அதை எனக்குக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, கோபமே இல்லாமல், “மேடம், தப்பா நெனைக்காதிய. என் ஷெட்டு நம்பரு மாறி ஏழு வருசம் ஆச்சி. நீங்க பழைய நம்பரையே எழுதிட்டு இருந்திருக்கிய” என்றார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்?”

“நீங்க எங்க கேட்டிய? கையெழுத்து மட்டும் போடுன்னிய. போட்டேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது என் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தின.

இவ்வளவும் தொழில். பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் என் வீட்டுக்குள் வந்தாள். அவள் கால் வைக்கவேயில்லை, என் மகளின் வாய் வழியாக வந்தாள்.

ஷாலினி அப்போது கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் என்னுடன் பட்டறைக்கு வருவாள், ஒரு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பாள். ஒரு சனிக்கிழமை எழுந்து அந்தச் செம்பூர்க்காரியோடு போனாள். அடுத்த சனிக்கிழமையும். அதன் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளை முழுக்க ஆன்ட்டி. ஆன்ட்டி இப்படிச் சொல்கிறார்கள், ஆன்ட்டி அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் கணவர் ஒரு பட்டறையில் தோல் வெட்டும் மாஸ்டர். அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள், “ஏளா, ஒரு வேளைக்கு ஒரு ஆன்ட்டி போதும். சோத்தத் தின்னு” என்றார். ஷாலினி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

ஒரு மாலை கிங்ஸ் சர்க்கிளில் நானும் அந்தச் செம்பூர்க்காரியும் பஸ்ஸுக்காக நின்றோம். பொட்டலம் பிரித்து வறுத்த கடலையை என் பக்கம் நீட்டினாள். மெல்ல, “ஷாலினிக்கு அங்க போக பயமா இருக்காம். தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்” என்றேன்.

தெரியாது. மூன்று மாதமாக நான் கடனுக்கும் விசாவுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். என் மகள் குஷியாக இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வயிற்றில் பிறந்தவளின் பயம் எனக்கு ஒரு கடலைப் பொட்டலத்தோடு கிடைத்தது.

அவளை எங்காவது குத்த வேண்டும் போலிருந்தது. “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“ஒரு பையன். கனடாவுல இருக்கான். அவனுக்கு எல்லாமே நான்தான் செஞ்சு குடுத்தேன். புக்குக்கு அட்டை போடறதுலேந்து வேலைக்கு அப்ளிகேஷன் வரைக்கும்.”

“போன் பண்றானா?”

“தினமும் பண்றான். வாஷிங் மெஷின்ல எந்த பட்டனை அமுக்கணும்னு கேட்டு.” அவள் கடலைத் தோலை ஊதினாள். “முப்பது வயசு.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் மகள் அப்படித் தினமும் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று அன்று நினைத்தேன்.

பணம் அனுப்ப வேண்டிய வாரம் வந்தது. திங்கட்கிழமை. என் கணக்கிலிருந்து போக வேண்டும், எங்கள் வீட்டு முகவரியோடு. ஷாலினி புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, நம்ம ரெண்டு பேரும் உக்காந்து ஃபில் பண்ணலாம். ஆன்ட்டி ஃபார்ம் குடுத்திருக்காங்க.”

“இது பெல்ட்டு விக்குத விசயம் இல்லட்டி. உன் வாழ்க்கை. சும்மா காலிபீலி இதுல வெளையாடாத.”

“வெளையாடல. எனக்குத் தெரியும்மா.”

“எல்லாம் எனக்கும் தெரியும். மாணவி கையெழுத்துன்னு இருக்குல்லா, அங்க நீ கையெழுத்து மட்டும் போடு. போ.”

என் மேஜை இழுப்பறையில் பழைய படிவங்கள் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்தேன். அறை எண்ணும், சால் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் பெயரும் முதல் வரி. லேபர் கேம்ப், மாட்டுங்கா, மும்பை, பின்கோடு இரண்டாம் வரி. வாட்டர் டேங்க் பின்புறம் என்பது மூன்றாம் வரி. எழுதி முடித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நானாக இருந்தேன். அன்று சாயங்காலம் செம்பூரிலிருந்து அவள் போன் செய்து, “ஷாலினி ஃபாரத்தை அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாக்கட்டுமா?” என்று கேட்டாள். அடுத்த நாள் நேரில் பார்த்தபோதும் கேட்டாள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமையே படிவத்தைக் கவுண்டரில் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, அந்தச் செய்தி வந்ததும் பட்டறையிலிருந்து வங்கிக்கு ஓடினேன். என் முறை வர மதியம் ஆகிவிட்டது. கவுண்டரில் இருந்த மராத்திப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். பழைய படிவத்தின் மூன்று வரிகளையும் வரிசையாகக் கட்டங்களில் இட்டிருந்தாள். ஊர் என்ற கட்டத்தில் ‘வாட்டர் டேங்க் பின்புறம்’ என்று இருந்தது. “நீங்கள் எழுதியதாயிற்றே என்று நான் சரிபார்க்கவே இல்லை” என்று இந்தியில் சொன்னாள். அழுதுவிடுவாள் போலிருந்தாள். நான் அவளைத் திட்ட முடியாது. அந்த நம்பிக்கையை இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து கட்டியவள் நான்தான்.

வாட்டர் டேங்க் பின்புறம் என்று ஓர் ஊர். அங்கே குடியிருக்கும் ஒருத்தி தன் மகளைப் படிக்க வைக்கப் பணம் அனுப்புகிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வங்கி அந்த ஊரைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று திருப்பிவிட்டது.

புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அறை எண் எழுதினேன். தெரு என்ற கட்டத்தின் முன்னால் பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் சந்துக்கு என்ன பெயர்? கல்யாணமாகி வந்ததிலிருந்து அதில் நடக்கிறேன். தெரியவில்லை. கை தானாக டேங்க் என்று எழுதியது. கிழித்தேன். இரண்டாவது படிவத்திலும் அதே கட்டத்தில் நின்றேன், அதையும் கிழித்தேன். நான்கு மணிக்கு மேல் வெளிநாட்டுப் பணம் அன்று போகாது. இன்னொரு முறை தப்பானால் திருத்த நாள் இல்லை. கணவருக்கு போன் செய்தால், “எல்லாரும் டேங்க்குக்குப் பின்னாலன்னுதான சொல்லுவாவ” என்றார். ஷாலினியின் போன் அணைந்திருந்தது. பன்வேலில் ஒரு கம்பெனியில் பிராஜெக்ட் என்று காலையிலேயே போயிருந்தாள். ஐந்து தடவை அடித்தேன்.

ஒரு மணிக்கு, வேறு வழி இல்லாமல், செம்பூருக்கு, அவளுக்குப் போன் செய்தேன்.

“நான்தான்” என்றேன்.

“தெரியும். சொல்லுங்க.”

“கொஞ்சம் பேங்க் வரைக்கும் வர முடியுமா?” அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் ஆறு மாதமாக வாழ்ந்துகொண்டிருந்தேன்.

“நான் வரல” என்றாள்.

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளே தொடர்ந்தாள். “ஷாலினி வருவா. அவளுக்கும் அயர்லாந்து காலேஜ்லேந்து மெயில் வந்திருக்கு. பதினோரு மணிக்கே எனக்கு போன் பண்ணிட்டா. சார்ஜ் இல்லன்னு சொன்னா.”

“உங்களுக்கா பண்ணினா? எனக்குப் பண்ணலையே.”

“நீங்க பயந்துடுவீங்கன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?”

“ஒண்ணும் சொல்லல. உனக்குத் தெரியும், நீயே பாத்துக்கோன்னேன். கொஞ்சம் அழுதா. அழுதுட்டு வெச்சுட்டா.” பின்னால் செம்பூர் ரயிலோ ஏதோ போகும் சத்தம். “வரணும்போலதான் இருக்கு. பையெல்லாம் எடுத்து மாட்டிட்டேன். வந்தா நானே எழுதிடுவேன். அதான் வரல.”

நான் போனை வைத்துவிட்டேன். என் மகள் தன் போனில் இருந்த கடைசி மிச்சப் பேட்டரியையும் அவளுக்கே கொடுத்திருக்கிறாள் என்பது மட்டும்தான் என் தலையில் சுற்றியது. நான் உதவி கேட்டாலும் அவள்தான் ஜெயிக்கிறாள், வராமலிருந்தும் அவள்தான் ஜெயிக்கிறாள்.

பணம் அன்றே போனது, மறுநாள் சேர்ந்தது. ஷாலினி இப்போது அங்கேதான் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறாள், எதுவும் கேட்பதில்லை, சொல்ல மட்டும் செய்கிறாள். எங்கள் சந்துக்கும் பெயர் இருந்தது. பால் பூத் சுவரில், துணி காயும் கொடிக்குப் பின்னால், நீல போர்டு. தினமும் பார்க்கிறேன்.

அவளுடைய ஒப்பந்தம் அந்த மழைக்காலத்தோடு முடிந்தது. வழியனுப்பு விழா எதுவும் இல்லை. தாராவியில் அவளுக்கு இப்போது யாரும் போன் செய்வதில்லை. யாருக்கும் தேவைப்படவில்லை. போன மாதம் பாய் என்னிடம், “அந்த அக்கா பேரு என்ன மேடம்? நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது” என்றார். ஞாபகமில்லை என்றேன். என்னை யாரும் அப்படி மறக்க மாட்டார்கள். நான் அப்படி எதையும் விட்டுவிட்டு வந்ததில்லை. அதற்கும் சேர்த்து அவள்மேல் எனக்குப் பொறாமை.

ஆனால் இதையெல்லாம் நினைக்கும்போது மனம் போய் நிற்பது அந்தப் பெஞ்சில். மூன்று பத்து. கவுண்டரில் இருந்த பெண் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்த இரண்டு படிவங்கள் என் மடியில் இருந்தன. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஷாலினி உள்ளே வந்தாள். வழியில் மான்குர்டில் ரயில் நின்றுவிட, இறங்கி ஆட்டோ பிடித்து, வீட்டுக்குப் போய்ப் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு, சந்து முழுக்க நடந்து போர்டைத் தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பழைய படிவக் கட்டைச் சொல்லிக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மடியில் இருந்த கிழிசல்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். புதுப் படிவத்தை என் முழங்கால்மேல் வைத்தாள். ஒரு நீலப் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“எங்கட்டி கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டேன்.

“கையெழுத்து அப்புறம்மா” என்றாள். “இப்ப நான் மெயின் ரோட்டுல நிக்கேன். நம்ம கதவு வரைக்கும் சொல்லிக்கிட்டே வா.”